எண்ணெயும் பந்தும்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாநிலப் போட்டியில் நீ பெற்ற ஸ்தானத்தைக் கண்டு மகிழ்ந்த உன் தகப்பனார் புதிய பந்து வாங்கப் பணம் தர இசைந்திருப்பதாகவும், கடைக்காரர் எடுத்து வைத்த மூன்று பந்துகளில் எது உத்தமமானது என்று நான் ஒரே வார்த்தையில் சொல்லிவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த எண்ணெயின் மேல் ஓடப்போகிறது, எந்தக் கையிலிருந்து புறப்படப்போகிறது என்னும் இரண்டையும் விட்டுவிட்டுப் பந்தை மட்டும் மதிப்பிட்டால் அந்த மதிப்பு அடுத்த வாரமே பொய்த்துப்போகும். டென்பின் பௌலிங்கைச் சிரத்தையுடன் பயிலும் இளையவர் பலரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் ஆதலால், உனக்கு எழுதும் பதிலை மற்றவர்களும் படிக்கும்படி பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் லேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி நீளமும், குறுக்கே 39 பலகைகளும் கொண்ட அந்த ஓடுதளம், பார்வைக்கு எங்கும் ஒரே மாதிரியாகப் பளபளத்தாலும், உண்மையில் இரண்டு தேசங்களாகப் பிரிந்து கிடக்கிறது. முற்பகுதியில் எண்ணெய் பூசப்பட்டிருக்கிறது, பிற்பகுதி உலர்ந்திருக்கிறது. மரத்தைத் தேய்மானத்திலிருந்து காப்பதற்காக ஆதியில் பூசப்பட்ட அந்த எண்ணெயே காலப்போக்கில் இவ்விளையாட்டின் சூட்சுமம் அனைத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டுவிட்டது. எண்ணெயில் பந்து வழுக்குகிறது; அது முடியும் இடத்தில் உராய்வு பிடிக்கவே வளைகிறது; வளைவு தீர்ந்தபின் முன்னோக்கி நேராக உருள்கிறது. வழுக்கல், வளைவு, உருளல் என்ற இம்மூன்று அவஸ்தைகளையும் குறைவின்றிக் கடந்து, உருளும் நிலையில் பின்களைச் சந்திக்கும் பந்தே முழு வலிமையோடு தாக்குகிறது.

நீ நாள்தோறும் பயிலும் லேன்களில் நடுவே எண்ணெய் மிகுதியாகவும் ஓரங்களில் சொற்பமாகவும் இருக்கும். குறி தவறி வலப்புறம் போன பந்தை உலர்ந்த ஓரம் திருப்பி அனுப்பிவிடும். இடப்புறம் இழுபட்ட பந்தை நடுவிலுள்ள எண்ணெய் நேராகப் பிடித்து நிறுத்தும். இந்தத் தயாள குணத்தைத் தன் சாமர்த்தியமென்று நம்பியவர்கள், போட்டிக்குரிய சமமான பூச்சில் ஆட நேரும்போது திகைத்துப்போகிறார்கள். நடுவிலுள்ள எண்ணெய் ஓரத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேற்படாதபடி பூசுவதே அத்தகைய போட்டிப் பூச்சுக்கு நெடுங்காலம் அளவுகோலாக இருந்து வந்திருக்கிறது. அங்கே இரண்டு பலகை தவறினால் அந்தத் தவற்றின் முழுப் பலனையும் அனுபவிக்க வேண்டும்.

பூச்சின் நீளமும் முக்கியம். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் விலங்குகளின் பெயர் சூட்டிய பூச்சுகள் உண்டு; அவற்றுள் ஓநாய் எனப்படுவது முப்பது அடியைச் சற்றே தாண்டும், பேட்ஜர் எனப்படுவது ஐம்பது அடியையும் கடந்துவிடும். பூச்சின் நீளத்திலிருந்து 31ஐக் கழித்தால், எண்ணெயை விட்டுப் பந்து வெளியேற வேண்டிய பலகை ஏறக்குறையக் கிடைக்கும் என்பது ஆட்டக்காரர்களிடையே வழங்கும் கணக்கு. 40 அடிப் பூச்சானால் ஒன்பதாம் பலகை. 45 அடியானால் பதினான்காம் பலகை. நீளமான பூச்சில் பந்து திரும்புவதற்கு உலர்ந்த இடம் குறைவாகையால், உள்ளே நின்று நேர்க்கோட்டை ஒட்டி ஆட வேண்டும். சீக்கிரம் பிடிப்புக் கொள்ளும் பந்து அங்கே உபயோகப்படும். குட்டையான பூச்சில் உலர்ந்த பரப்பு மிகுதியாகையால், ஓரத்தை அண்டி, அளவோடு வளையும் பந்தை எடுக்க வேண்டும்.

இனி உன் கை. 1970களில் அமெரிக்க அரங்குகளில் ஒரே காலத்தில் புகழோங்கி நின்ற ஏர்ல் ஆண்டனி, மார்க் ராத் இருவரையும் எண்ணிப்பார். ஆண்டனி இடக்கையர், அவருடைய கை நீர் ஒழுகுவதுபோல் நிதானமாக வந்து பந்தை வைத்துவிட்டுப் போகும், அந்த நிதானத்தைக் கொண்டே 1975இல் ஒரே ஆண்டில் லட்சம் டாலரைத் தாண்டிச் சம்பாதித்த முதல் பௌலர் ஆனார். ராத் பந்தை முறுக்கி வீசுபவர். லேனின் பெரும்பகுதியைக் கடந்து வளைந்து வரும் அந்த உருண்டையைக் கொண்டு 1978ஆம் ஆண்டில் மட்டும் எட்டுப் பட்டங்களை வென்றார். இவ்விருவரில் ஒருவருக்குப் பொருந்திய பந்து மற்றவருக்கும் பொருந்தியிருக்கும் என்று யார் சொல்ல முடியும்? நம் காலத்தில் ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டி இரு கைகளாலும் பந்தைச் செலுத்தி மிகுந்த சுழற்சியை உண்டாக்குகிறார். அவர் கையில் அற்புதமாக வளையும் பந்தை நீ வாங்கினால், உன் கையில் அது வேறொரு பந்தாகவே இருக்கும். கைக்கும் பந்துக்குமுள்ள பொருத்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: வேகத்தை மிஞ்சிய சுழற்சி உள்ளவர், தாமதித்துத் திரும்பும் பந்தைத் தேட வேண்டும், சுழற்சியை மிஞ்சிய வேகம் உள்ளவர், முன்னதாகவே பிடித்துக்கொள்ளும் பந்தைத் தேட வேண்டும், இரண்டும் ஒத்திருப்பவருக்கு லேன் ஒன்றே வழிகாட்டி.

பந்தின் தோலைப் பற்றி விஸ்தாரமாகவே எழுத விரும்புகிறேன். கடைகளில் உட்கருவின் விசித்திர வடிவத்தைக் குறுக்கு வெட்டுப் படமாகக் காட்டி வாங்குபவரின் மனத்தைக் கவர்கிறார்கள்; ஆனால் லேனைத் தொடுவது தோலே அல்லவா? யுனைட்டட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ் பந்துகளின் ஓட்டத்தை ஆராய்ந்தபோதும், பந்தின் போக்கை நிர்ணயிக்கும் காரணங்களில் மேற்பரப்பின் சொரசொரப்பே தலையாயது என்று கண்டது. சரித்திரமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. கனமான மரத்திலும் பிறகு ரப்பரிலும் செய்யப்பட்ட பந்துகள் பிளாஸ்டிக்குக்கு வழிவிட்டிருந்த காலத்தில், டான் மக்கூன் என்ற ஆட்டக்காரர் பிளாஸ்டிக் பந்தை ரசாயனத் திரவத்தில் ஊறவைத்து, அதன் தோலை மிருதுவாக்கி, லேனைப் பிடிக்கும் சக்தியை அதற்கு ஊட்டி, 1973ஆம் ஆண்டில் ஆறு பட்டங்களை வென்றார்; உட்கருவில் ஒரு மாறுதலும் இல்லை, மாறியது தோல் ஒன்றே. அதன் விளைவாகப் பந்தின் கடினத்துக்குக் குறைந்தபட்ச அளவு விதிக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன் தோலும், 1990களின் தொடக்கத்தில் எண்ணெயை உறிஞ்சும் நுண்துளைகள் கொண்ட ரியாக்டிவ் ரெசின் தோலும் வந்து சேர்ந்தபோது விளையாட்டின் ரூபமே மாறிப்போயிற்று.

ரியாக்டிவ் பந்துகளுக்குள்ளும் பேதங்கள் உண்டு. சாலிட் எனப்படுவது எண்ணெயிலேயே லேனைத் தடவிப் பிடிக்கத் தொடங்கும். பெர்ல் எனப்படுவது எண்ணெயை எளிதில் கடந்து, உலர்ந்த இடத்தில் சட்டென்று திரும்பும். ஹைப்ரிட் என்பது இரண்டுக்கும் நடுப்பட்டது. ஆயினும் இப்பெயர்களுக்கு மேல் இருக்கிறது உன் கையிலுள்ள தேய்ப்புத் துணி. மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பி நாதத்தைப் பதப்படுத்திக்கொள்வதைப்போல, நீயும் ஆட்டத்துக்கு முன் உன் பந்தின் மேற்பரப்பைப் பதப்படுத்திக்கொள்ளலாம். 500 எண்ணுள்ள தேய்ப்புத் துணியால் தேய்த்தால் பரப்பு முரடாகி மிகுந்த எண்ணெயிலும் பந்து பிடிப்புக் கொள்ளும். 2000, 4000 என்று எண் ஏற ஏறப் பரப்பு மழமழப்பாகிப் பந்து தாமதித்துத் திரும்பும். மெருகு பூசினால் இன்னும் தாமதிக்கும். ஆட்டம் தொடங்கிய பிறகு பரப்பை மாற்ற விதி இடந்தராது ஆகையால், பயிற்சி வீச்சுகளிலேயே லேனைப் படித்து இதை முடிவு செய்துகொள்ள வேண்டும். புதுப் பந்து வாங்கும் முன் பழைய பந்தைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு, வாங்க வேண்டிய அவசியமே பல சமயங்களில் நீங்கிவிடுகிறது.

உட்கருவை நான் அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. சுழற்சி ஆரம் குறைவான பந்து சீக்கிரம் சுழலத் தொடங்கும், மிகுந்தது தாமதிக்கும். விதிகள் அந்த அளவை 2.46 அங்குலத்துக்கும் 2.80 அங்குலத்துக்கும் இடையே நிறுத்தியிருக்கின்றன. டிஃபரன்ஷியல் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் 0.060ஐத் தாண்டலாகாது, அது கூடக் கூடப் பந்து ஒவ்வொரு சுற்றிலும் தன் தோலின் புதிய பகுதியை லேனுக்குக் காட்டும். துளையிடும் இடத்தைக் கொண்டு இந்தக் குணங்களைக் கூட்டவும் குறைக்கவும் கூடும்; அது உன் விரல்களையும் உன் பந்தின் சுழல் அச்சையும் அளந்து பார்த்துத் துளையிடுபவரின் பொறுப்பு. அளக்காமல் துளையிடும் கடைக்கு, விலை எவ்வளவு மலிவானாலும், போகாதே.

இளையவர்களிடம் ஆழமாக வேரூன்றிய ஒரு மயக்கத்தையும் இங்கே களைந்துவிட வேண்டும். வலுவான பந்து எங்கும் வலுவாகவே தாக்கும் என்று எண்ணுகிறார்கள். எண்ணெய் குறைந்த லேனில் முரட்டுத் தோலுள்ள பந்து முதல் முப்பது அடியிலேயே பிடித்து, வளைந்து, தன் சக்தியைச் செலவழித்துவிட்டுச் சோர்ந்தவாறு பின்களிடம் வந்து சேர்கிறது. வலக்கை ஆட்டக்காரரின் செம்மையான ஸ்ட்ரைக்கில் பந்து தானே தொடுவது 1, 3, 5, 9 என்ற நான்கு பின்களை மட்டுமே. மற்ற ஆறும் பிற பின்கள் மோதி விழுவன. பந்து ஏறத்தாழ 6 பாகைக் கோணத்தில் உள்ளே நுழைந்தால் இந்த வரிசை பிசகாமல் நிகழும். சக்தி இழந்த பந்தோ பின்களில் பட்டு விலகிப்போகிறது. பத்தாம் பின் அசையாமல் நிற்கிறது, சில சமயம் ஐந்தாம் பின்னே நடுவில் நிமிர்ந்து நிற்கிறது. அதைக் கண்ட ஆட்டக்காரர் வலு போதவில்லை என்று நினைத்து இன்னும் வலுவான பந்தை எடுக்கிறார், பயனில்லை. அவ்விடத்தில் தேவைப்பட்டது மெருகிட்ட, மந்தமான பந்து. பந்துகளை ஒப்பிடும்போது வளைவு எவ்வளவு பெரிதென்று அளக்காதே. வளைவு எங்கே தொடங்குகிறது, பின்களைத் தொட்டபின் பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்.

ஒப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே லேனில், ஒரே இடத்தில் நின்று, ஒரே குறியை நோக்கி, இரண்டு பந்துகளை மாறி மாறி வீசு. எண்ணெய் பூசிய புதிதில் ஒரு முறையும், பலர் ஆடி எண்ணெய் கலைந்த பிறகு ஒரு முறையும் இதைச் செய். ரியாக்டிவ் பந்துகள் எண்ணெயை உறிஞ்சி உன் வழித்தடத்தை வறளச் செய்வதையும், யூரித்தேன் பந்துகள் எண்ணெயை முன்னே தள்ளிக்கொண்டுபோய் உலர்ந்த பகுதியிலும் படியச் செய்வதையும் அப்போது பிரத்தியட்சமாகக் காண்பாய். காலையில் வென்ற பந்து மாலையில் தோற்கும் காரணம் அன்று உனக்கு விளங்கும்.

மாநிலப் போட்டியில் நான் பார்த்த அளவில் உன் கை மென்மையானது, வேகமும் மிதமே. ஆகையால் கடைக்காரர் முதலில் நீட்டிய, சமச்சீரற்ற உட்கருவும் முரட்டுத் தோலும் கொண்ட பந்து உனக்கு இப்போது வேண்டாம். மிகுந்த எண்ணெயில் அது உதவும் என்பது மெய், ஆனால் உன் ஊர் லேன்களில் அத்தகைய எண்ணெயை நீ சந்திப்பது அபூர்வம். சமச்சீரான உட்கருவும் சாலிட் தோலும் கொண்ட நடுத்தரப் பந்து ஒன்றை வாங்கி, 2000 எண் பரப்பில் வைத்துக்கொள். எந்தப் புதிய லேனிலும் முதலில் கையிலெடுக்க வேண்டியது அதுவே. அது சீக்கிரம் திரும்பினால் பெர்லுக்கும், திரும்பவே மறுத்தால் இன்னும் முரட்டுப் பரப்புக்கும் போக வேண்டும் என்று உனக்கு அதுவே அறிவிக்கும். எஞ்சிய பணத்தில் ஒரு பிளாஸ்டிக் பந்து வாங்கு. ஸ்பேர்களை, விசேஷமாகப் பத்தாம் பின்னை, எண்ணெயின் தயவை எதிர்பாராமல் நேராக அடிக்க அதற்கு நிகரானது இல்லை. போட்டிகளில் உன்னைப் பின்தள்ளியது ஸ்ட்ரைக்குகளின் குறையன்று, தவறவிட்ட ஸ்பேர்களே என்பதை உன் ஆட்டத் தாள்கள் எனக்குக் காட்டின. எடையைப் பற்றிய கௌரவத்தை விட்டுவிடு. விதி 16 பவுண்டு வரை அனுமதிக்கிறது என்பதற்காக அதை எட்ட வேண்டியதில்லை, கடைசி ஆட்டத்திலும் தோள் தளராமல் வீசக்கூடிய எடையே உன் எடை.

ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் உலர்ந்த துணியால் எண்ணெயைத் துடை. அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் நடுவே திரவங்களால் துடைப்பது 2020 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது, ஆகையால் திரவச் சுத்திகரிப்பை ஆட்டம் முடிந்த உடனேயே செய்துவிடு.

மூன்றாவது பந்தைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன். பந்தின் மேல் ஒரு வெள்ளை நாடாவை ஒட்டி, தோழி ஒருத்தியைக் கொண்டு உன் வீச்சை மெதுவாக ஓடும் படமாக எடுத்து, நிமிஷத்துக்கு எத்தனை சுழற்சி என்று கணக்கிட்டு, மானிட்டரில் தெரியும் வேகத்தையும், புது எண்ணெயிலும் கலைந்த எண்ணெயிலும் உன் பந்து திரும்பத் தொடங்கிய இடத்தையும் குறித்து அனுப்பு. அவை வந்ததும் பெர்லா ஹைப்ரிட்டா என்பதை நாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். உன் தகப்பனாருக்கு என் நமஸ்காரத்தைத் தெரிவி.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அண்ணன்