அச்சும் சுழல்தளமும்

அச்சு என்றதும் நெசவாள அன்பர்கள் தறியில் ஊடை நூலை அடிக்கும் கருவியையே நினைப்பர். யாம் இங்குக் கூறுவது அதுவன்று. வண்டியின் இருசு போன்றது. சுழலும் பொருள் எந்தக் கோட்டைச் சுற்றிச் சுழல்கின்றதோ அக்கோடே அச்சு எனப்படும். சக்கரத்தின் விளிம்பில் சுண்ணாம்புப் பொட்டு ஒன்று இட்டுச் சுழற்றினால், அது ஒரு வட்டம் வரையும். அவ்வட்டம் அமைந்த தட்டையான பரப்பே சுழல்தளம். பொட்டு அச்சின் நீளப்போக்கில் முன்னும் பின்னும் நகர்வதில்லை. ஆதலின் அச்சும் சுழல்தளமும் எக்காலத்தும் 90 பாகையிலேயே நிற்கும்.

கவலை உருளை நிமிர்ந்து சுழலும். அதன் அச்சோ படுத்திருக்கும். செக்கில் காளை தரையோடு சுற்றும், அச்சு நிமிர்ந்திருக்கும். சாய்ந்த உலக்கையை அச்சென மயங்கலாகாது. உரலின் நடுவே செங்குத்தாகச் செல்லும் கோடே அச்சு.

இதன் பயன் ராட்டையில் நன்கு விளங்கும். கதிருக்குச் செங்கோணத்தில், அதாவது சுழல்தளத்தில், நூலைப் பிடித்தால் அது கதிரில் சுற்றிக்கொள்ளும். அதே நூலைக் கதிரின் நுனிக்கு நேராக, ஏறக்குறைய அச்சின் போக்கில் பிடித்தால், சுற்றுக்கு ஒருமுறை நுனியினின்று நழுவி, ஒரு முறுக்கு மட்டுமே பெறும். நூற்பவர் முன்னதால் சுற்றுகிறார், பின்னதால் முறுக்குகிறார். தார் சுற்றும் சிறுவர் கையை நுனிப்பக்கம் கொண்டுபோவாராயின் நூல் முறுக்கேறிச் சுருளும், தறியில் அறும். அறுந்த நூலின் நஷ்டம் நெசவாளரின் கூலியிலேயே விழுகின்றது.

விவசாய அங்கத்தினர்க்கு இன்னொன்று. எஞ்சினும் பம்பும் வாரால் இணைந்திருக்கும்போது இரண்டு அச்சுகளும் இணையாக இருத்தல் வேண்டும். அது மட்டும் போதாது; இரண்டு சக்கரங்களும் ஒரே தளத்தில் சுழலவும் வேண்டும். இல்லையேல் வார் ஓரம் தேயும், கழன்று விழும், பேரிங்கும் கெடும். விளிம்பின் அகலம் சமமாயுள்ள சக்கரங்களின் பக்கவாட்டில் ஒரு கயிற்றை இழுத்துப் பிடியுங்கள். நான்கு இடங்களிலும் அது தொட வேண்டும். புதிய வாருக்குக் கடன் மனு எழுதுமுன் இச்சோதனையைச் செய்வது நலம்.

காவலூரில் 1986-ஆம் ஆண்டு வைணு பாப்பு பெயரிடப்பெற்ற தொலைநோக்கியும் இவ்விதிக்கு உட்பட்டதே. அதனைத் தாங்கிச் சுழற்றும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, வடக்கே ஏறக்குறைய பன்னிரண்டரைப் பாகை உயர்ந்துள்ளது. அவ்வூரின் அட்சரேகையும் அதுவே. நல்லம்பள்ளியில் ஒரு குச்சியை நேர்வடக்கு நோக்கி, தரையினின்று சுமார் 12 பாகை உயர்த்தி நிறுத்தினால், அதுவும் பூமியின் அச்சுக்கு இணையாகும். இரவில் விண்மீன்கள் அக்குச்சி காட்டும் திசையைச் சுற்றியே செல்வதைக் காணலாம்.