சிற்றுருவில் பேருருவம்

பெரியதைச் சிற்றுருவில் அமைத்துப் போற்றுதல் மாந்தர்க்கு இயல்பு. ஆநிரை காத்து வீழ்ந்த மறவர், தருமபுரி அரசு அருங்காட்சியகத்து நடுகற்களில் சிற்றுருவாய் நிற்றல் காண்க.

ஜப்பான் நாட்டில் இவ்வியல்பு வேறு வடிவம் கொண்டது. 1979-ஆம் ஆண்டு அந்நாட்டுத் தொலைக்காட்சியில் ‘கன்டாம்’ என்னும் பேரெந்திரத்தின் கதை ஒளிபரப்பாயிற்று. மனித வடிவினதாகிய அவ்வெந்திரத்தின் உயரம் 18 மீட்டர் என்பது கதை. 1980-இல் பண்டாய் நிறுவனம் அதனை 144-இல் ஒரு பங்காகச் சுருக்கி விற்கத் தொடங்கியது. 1,800 சென்டிமீட்டரை 144-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. ஒரு சாணுக்கும் குறைவே!

அவ்வுருவம் முழுமையாகக் கிடைப்பதன்று. தலை, கை, கால், கவசம் ஆகியவற்றின் உறுப்புகள் எண்ணிட்ட பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டியிருக்கும். வாங்கியவரே அவற்றைக் குறட்டால் நறுக்கி, வெட்டிய தழும்பை அரத்தால் தேய்த்து, விளக்கப்படத்தின் முறைப்படி பொருத்துதல் வேண்டும். தொடக்கத்தில் பசை தேவைப்பட்டது; இக்காலத்து உறுப்புகளோ முளையும் துளையுமாய்த் தாமே இறுகுவன. அவசரத்தால் ஒரு முளை முறியின், உருவத்தின் கை நிலைகொள்ளாது தொங்கும்.

ஆதலின், பல உருவங்களை வாங்கிக் குவித்தல் பொருளால் இயலும். ஒன்றனைச் செவ்வனே அமைத்து நிறுத்துதல் பொறுமையால் மட்டுமே இயலும். கைத்தொழில் யாவற்றுக்கும் இதுவே முதற்பாடமாகும்.