வால்வுக்குத் தெரிந்தது ஆம்பியர் மட்டுமே

பெண்ணாடம் கரும்புக்காட்டில் ஓடும் அறுவடை இயந்திரமோ பொக்லைனோ, காலையில் சுறுசுறுப்பாக இருந்துவிட்டு மதிய வெயிலில் மந்தமானால், எல்லோரும் முதலில் ஆயிலையும் பம்பையும்தான் சந்தேகிப்பார்கள். சூட்டில் ஆயில் இளகும், பம்பில் உள்கசிவு கூடும் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் அந்த இயந்திரத்தில் ப்ரொபோர்ஷனல் சோலனாய்டு வால்வு பிடபிள்யூஎம் முறையில் (மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து) இயங்கினால், வால்வைப் பிரிப்பதற்கு முன் அதன் காயிலில் ஓடும் மின்னோட்டத்தை அளந்துவிடுங்கள் என்பேன். வால்வுக்குள் நகரும் ஸ்பூலைத் தள்ளும் விசையை முடிவு செய்வது மின்னோட்டம். வோல்டேஜும் டியூட்டியும் (ஆன் நேரத்தின் விகிதம்) அந்த மின்னோட்டத்தை உண்டாக்கும் வழிகள்தான். 20 டிகிரியில் 20 ஓம் காட்டும் செம்புக் காயில், 100 டிகிரியில் ஏறக்குறைய 26 ஓம் காட்டும். 24 வோல்ட், 50 சதவீத டியூட்டி என்று வைத்துக்கொண்டால், 0.6 ஆம்பியர் 0.46 ஆகச் சரிகிறது. இன்ஜின் ஓடி பேட்டரி 28 வோல்ட்டுக்கு ஏறும்போது, குளிர்ந்த காயிலில் அதே டியூட்டி 0.7 ஆம்பியரைத் தரும். டியூட்டியை மட்டும் நம்பும் கன்ட்ரோலருக்கு இந்த இரண்டு மாற்றமும் கண்ணில் படாது.

ஆகவே மின்னோட்டத்தை அளந்து, குறையும்போது டியூட்டியைக் கூட்டியும் கூடும்போது குறைத்தும் ஓட்டும் டிரைவர் சர்க்யூட்டே சரி. அதிலும் மின்னோட்டத்தை அளக்கும் ஷன்ட் ரெசிஸ்டர் வைக்கும் இடம் முக்கியம். காயிலை ஆன்-ஆஃப் செய்யும் மாஸ்ஃபெட் அணைந்த பிறகும், காயிலுக்கு இணையாக உள்ள டயோடு வழியே மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஷன்ட் அந்தச் சுற்றுக்குள் காயிலோடு தொடராக இருந்தால்தான் முழு மின்னோட்டமும் தெரியும். மாஸ்ஃபெட்டுக்குக் கீழே வைத்தால் அது ஆன் ஆகியிருக்கும் நேரத்து அளவு மட்டுமே கிடைக்கும். டயோடையே விட்டுவிட்டால் காயில் எழுப்பும் எதிர் வோல்டேஜ் மாஸ்ஃபெட்டைக் காலி செய்துவிடும்.

"100, 150 ஹெர்ட்ஸில் பிடபிள்யூஎம் கொடுத்தால் அதுவே ஸ்பூலை லேசாக அதிரவைத்து ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறதே, தனியாக டித்தர் எதற்கு?" என்று கேட்பார்கள். எளிய வேலைக்கு அது போதும்தான். ஆனால் அந்த அதிர்வு எல்லா டியூட்டியிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. 50 சதவீதத்துக்கு அருகில் அதிகம், இரு ஓரங்களிலும் சொற்பம். ஆகவே டியூட்டி குறைவாக இருக்கும், மெதுவான, நுணுக்கமான அசைவு தேவைப்படும் இடத்தில்தான் ஸ்பூல் ஒட்டும். பிடபிள்யூஎம்மைச் சில கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, அதன்மேல் டித்தரைத் தனியாகக் கொடுத்தால் இரண்டையும் தனித்தனியே திருத்தலாம். திருத்தும் முறையும் எளிது. மின்னோட்டத்தை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கி, ஒரே ஆம்பியரில் அழுத்தம் எவ்வளவு வேறுபடுகிறது என்று பாருங்கள். அந்த வேறுபாடு மேற்கொண்டு குறையாத அளவுக்கு டித்தரைக் கூட்டுங்கள். கேஜ் முள் துடிக்கத் தொடங்கினால் சற்றுக் குறையுங்கள்.

"அழுக்கு ஆயிலில் எந்த டிரைவரும் உதவாது" என்பதும் உண்மை. ஃபில்டருக்கு மாற்று கிடையாது. ஆனால் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துக் காட்ட, காயிலோடு தொடராகக் கோத்த ஒரு மல்டிமீட்டர் போதும். ஒரே கட்டளைக்கு, குளிர்ந்தபோது ஒன்று, சூடேறியபின் ஒன்று என டிசி ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்து இயந்திரம் மட்டும் மந்தமானால் ஆயில், ஸ்பூல், பம்ப் என்று தேடலாம். சூட்டில் ஆம்பியர் இறங்கியிருந்தால் முதலில் டிரைவரையும் வயரிங்கையும் பாருங்கள். வால்வில் கை வைக்க வேண்டாம்.