போர்க்கால ரேடியோ வாங்கும் ஆசையா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க

குரோய்டனில் இருந்துகொண்டு இந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பர்லி வேயில் பழைய விமான நிலையம் இருக்கே, விமானிகள் ஆபத்தில் கூப்பிடுற 'மேடே' அங்கே பிறந்ததுதான். 1920-களில் அங்கே வயர்லெஸ் அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் மாக்ஃபோர்ட் கொடுத்த வார்த்தை அது. 1940 ஆகஸ்ட் 15-ல் ஜெர்மன் குண்டு விழுந்ததும் அதே இடத்தில்தான். பக்கத்து மிச்சமில் முல்லார்ட் கம்பெனி ரேடியோ வால்வு செய்தது. அதனால் ஆசைப்படுங்க, தப்பில்லை. ஆனால் கார் பூட் சேலில் பார்த்ததும் தூக்கிட்டு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் பிளக்கைச் சொருகுறீங்களே, அதுதான் எனக்குப் பிடிக்காது.

1. வந்ததும் கரண்ட் கொடுக்காதீங்க. "போன வாரம்கூடப் பாடிச்சு" என்று விற்கிறவர் சொல்வார். சொல்லட்டும். உள்ளே இருக்கிற மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களுக்கு எண்பது வயசு. அதில் கரண்ட் கசிந்தால் நல்ல வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். பின்பலகையைக் கழற்றி டார்ச் அடிச்சுப் பாருங்க. வயரின் ரப்பர் உறை வெடித்து உதிர்ந்திருந்தால் அப்படியே மூடி, தெரிஞ்ச மெக்கானிக்கிடம் கொடுங்க. அவர் கண்டென்சரை மாற்றி, முதல் தடவை ஒரு குண்டு பல்பைத் தொடரில் போட்டுத்தான் சோதிப்பார். அப்படிச் செய்யாதவரை விட்டுடுங்க. பிளக்கில் 13 ஆம்ப் ஃபியூஸ் இருந்தால் 3 ஆம்ப் போடச் சொல்லுங்க.

2. சில செட்டுகளில் உள்ளே இருக்கிற இரும்புச் சட்டமே மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். குமிழ் கழன்று ஸ்குரூ வெளியே தெரிஞ்சால்கூட ஷாக் அடிக்கும். ஆஃப் செய்த பிறகும் கண்டென்சரில் கரண்ட் தங்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை எட்டாத உயரத்தில் வைங்க.

3. முதல் செட் சின்னதாக இருக்கட்டும். 1944-ல் அரசாங்கம் சொல்லி நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஒரே மாதிரி செய்த 'வார்டைம் சிவிலியன் ரிசீவர்' போதும். சாதாரண பைன் மரப்பெட்டி, மீடியம் வேவ் மட்டும், கம்பெனிப் பேரே இருக்காது. அன்றைய விலை 12 பவுண்டுச் சொச்சம். பெட்டியில் ஊசிமுனை ஓட்டைகளும் மாவு மாதிரித் தூளும் தெரிஞ்சால் மரத்தைப் பூச்சி அரிக்குது. வீட்டுக்குள் கொண்டுவராதீங்க, உங்க அலமாரிக்கும் பரவும்.

4. ஆரம்பத்தில் தொடக் கூடாதவை: ஏஆர்88 ரிசீவர் கிட்டத்தட்ட 45 கிலோ. இரண்டாவது மாடி ஃபிளாட்டுக்கு யார் தூக்குறது? லங்காஸ்டர் விமானத்தில் இருந்த டி1154 டிரான்ஸ்மிட்டர் சிவப்பு, நீலம், மஞ்சள் குமிழ்களோடு பார்க்க அழகு. ஆனால் உள்ளே ஓடுவது 1,200 வோல்ட். அதன் ஜோடியான ஆர்1155 ரிசீவருக்குத் தனியாக பவர் சப்ளை வேணும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

5. விமானக் கருவிகளின் முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பாங்க. ஒளிராட்டாலும் ரேடியம் அங்கேயேதான் இருக்கும். சுரண்டாதீங்க, கண்ணாடியைத் திறக்காதீங்க. பெட்டிக்குள் சாம்பல் நிற அட்டை ஒட்டியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதையும் பிய்க்காதீங்க.

6. ஈரத்துணி வேண்டவே வேண்டாம். வால்வின் மேலே இருக்கிற எழுத்து ஒரே துடைப்பில் அழிஞ்சிடும், அப்புறம் அது என்ன வால்வு என்று யாரும் சொல்ல முடியாது. காய்ந்த பிரஷ் போதும். வார்னிஷ் அடிச்சுப் 'புதுசாக்கினால்' மதிப்பு போச்சு.

7. கேட்கிறதுக்குத்தானே வாங்கினீங்க? இருட்டின பிறகு வைங்க, மீடியம் வேவ் அப்போதான் கடல் தாண்டி வரும். 'கர்ர்' என்று இரைஞ்சால் செட்டைத் திட்டாதீங்க. ஃபோன் சார்ஜரையும் எல்இடி விளக்கையும் அணைச்சுப் பாருங்க. திரைச்சீலைக் கம்பியோரமாக நாலு மீட்டர் வயர் ஓடவிட்டால் ஏரியல் ரெடி.

போர்க்கால ரேடியோவில் நமக்கும் ஒரு கதை உண்டு. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு தொடங்கினது இதே போர்க்காலத்தில், 1941 மே மாதம். நம்ம வீட்டுப் பெரியவங்க உருகுகிற இலங்கை வானொலிக்கும் கொழும்பில் நேசப்படைகள் வைத்திருந்த 'ரேடியோ சீக்' நிலையத்தோடு உறவு உண்டு. செட் தேடும்போது, ரஷ்ய எழுத்தும் ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கிற நம்பர் 19 ராணுவ செட்டைப் பார்த்தால் போலி என்று நினைச்சிடாதீங்க. கனடாவில் செய்து சோவியத் படைக்கும் அனுப்பினது அது.

8. வாங்குறதுக்கு முன்னால் பாருங்க. வெஸ்ட் டல்விச்சில் ஜெரால்ட் வெல்ஸ் தன் சொந்த வீட்டிலேயே தொடங்கின வால்வு ரேடியோ அருங்காட்சியகம் குரோய்டனுக்குப் பக்கம்தான். முன்கூட்டியே கேட்டுட்டுப் போங்க. 1976-ல் தொடங்கின பிரிட்டிஷ் வின்டேஜ் வயர்லெஸ் சொசைட்டி நடத்துகிற விற்பனைக் கூட்டங்களில் செட்டைப் பற்றித் தெரிஞ்சவங்களே விற்பாங்க. விலையும் ஏலக் கடையைவிட நியாயமாக இருக்கும்.

9. கேட்க லைசென்ஸ் வேண்டாம். பழைய டிரான்ஸ்மிட்டரில் பேசணும் என்றால் ஆஃப்காமின் அமெச்சூர் லைசென்ஸ் வாங்கின பிறகுதான். "சும்மா ஒரு நிமிஷம்" என்ற கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம்.