ஓணத்துக்குக் காத்திருக்கலாம், அடுத்த சிப்புக்கு?

கேள்வி: புதிய தொழில்நுட்பம் வரும்வரை கணினி வாங்குவதைத் தள்ளிப்போடலாமா?
– வாசகர், திருவனந்தபுரம்

பதில்: கணினித் துறையில் புதிதாக ஏதும் வராத ஆண்டே கிடையாது, வருவது உடனே மலிவாகக் கிடைப்பதும் இல்லை. 2021 இறுதியில் இன்டெலின் 12ஆம் தலைமுறைச் செயலிகளோடு டிடிஆர்5 ரேம் கடைக்கு வந்தது. அதே அளவுள்ள டிடிஆர்4-ஐவிட விலை மிக அதிகம். கடிதம், கணக்கு, இணையம் போன்ற அன்றாட வேலையிலோ வித்தியாசம் தெரியவில்லை. விலை எப்போதும் இறங்கும் என்பதும் உறுதியல்ல. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் வாங்கிக் குவித்ததால் ரேம் விலை எகிறியது. பொறுத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு அதுதான்.

உண்மையான நெருக்கடி வேறு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக முடிந்தது. இன்டெல் கணினிகளில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்கு முந்தையவை விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. அதற்காகப் பழையதைக் காயலான் கடைக்குப் போடவேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தி, லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். திருவனந்தபுரத்தில் தலைமையகம் கொண்ட கைட் நிறுவனம் பள்ளிகளுக்காக உபுண்டு அடிப்படையில் உருவாக்கிய லினக்ஸ் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது.

ஓணத் தள்ளுபடிக்குச் சில வாரம் காத்திருப்பது நியாயம். ஜூனில் கல்லூரி சேரும் பிள்ளைக்கு அதுவும் பொருந்தாது. புதிய தலைமுறை வந்ததும் முந்தையதன் விலையை விசாரிப்பது நல்லது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது என்பதால் 16 ஜிபி உள்ளதையே வாங்கவேண்டும்.