டூல் ரூமுக்குப் போகலாம், கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

மாமா எழுதுகிறேன். இரண்டு ஆஃபர் கையில் இருந்தும் நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று அக்கா வருத்தப்பட்டாள். சென்னை சோழிங்கநல்லூரில் ஐ.டி. கம்பெனி, வருடத்துக்கு 3.6 லட்சம். கோவை குறிச்சியில் டை, மோல்டு செய்கிற டூல் ரூம், டிசைன் டிரெய்னி, மாதம் 18,000. என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ டூல் ரூமுக்குப் போகலாம். ஆனால் அதற்கு முன்னால் கல்விக் கடனைப் பற்றியும், இந்த வேலை உனக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறதா என்பதைப் பற்றியும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

கடனில் தொடங்குவோம். 3.6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 30,000 என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். அது அப்படியே கைக்கு வராது. கம்பெனி கட்டுகிற பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிற தொகை அது. உன் பங்கு பி.எஃப்.பும் பிடித்தம் போனால் 25,000, 26,000 மிஞ்சும். ஓ.எம்.ஆர். பக்கம் ஹாஸ்டல், சாப்பாடு, மாதம் ஒரு தடவை ஊருக்கு, கோபிக்கு வந்து போகிற பஸ் செலவு என்று 12,000-க்குக் குறையாமல் ஆகும். குறிச்சி வேலையில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. போக 16,000 சொச்சம் வரும். சுந்தராபுரத்தில் நம் வீட்டிலேயே தங்கிக்கொள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. சாப்பாட்டுக்கு நீ காசு எடுத்து நீட்டினால் உன் அத்தை சண்டைக்கே வருவாள்.

உன் கல்விக் கடன் 4 லட்சம். பத்து சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்குப் பிரித்தால் மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை கட்டாமல் இருக்கலாம் என்று பேங்கில் சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே கட்டத் தொடங்கு. கடன் பத்திரத்தில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், மறந்துவிடாதே. தவணை போக, குறிச்சியில் உன் கையில் 9,000-க்கு மேல் நிற்கிறது. சென்னையில் 7,000 நின்றால் பெரிது. இது உனக்கு மட்டும் பொருந்துகிற கணக்கு. கோவையில் தங்க வீடு இல்லாத ஒரு பிள்ளை என்னிடம் கேட்டிருந்தால், தவணைக்கு வழி பார், சென்னைக்குப் போ என்றுதான் சொல்லியிருப்பேன்.

இனி ஆர்வத்துக்கு வருகிறேன். கல்லூரியில் பாஜா போட்டிக்கு வண்டி கட்டியபோது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரோல் கேஜுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாய். அந்த உற்சாகம் எனக்கும் பிடித்தது. ஆனால் அது உங்கள் வண்டி, உங்கள் கூட்டம், ஒரே ஒரு போட்டி. டூல் ரூமில் முதல் வருடம் வேறு மாதிரி இருக்கும். யாரோ எப்போதோ வரைந்த டிராயிங்கில் ஒரு துளையின் டாலரன்ஸை மாற்றுவாய். மறுநாள் அதையே திரும்ப மாற்றச் சொல்வார்கள். டிரையலில் மோல்டின் இடுக்கில் பிளாஸ்டிக் பிதுங்கி ஃபிளாஷ் அடிக்கும். பார்ட்டிங் லைன் சரியாக உட்காரவில்லையா, கிளாம்பிங் போதவில்லையா, உள்ளே செலுத்திய பிளாஸ்டிக்கின் சூடு கூடிவிட்டதா என்று மெஷின் பக்கத்திலேயே நின்று தேட வேண்டும். இருபது மைக்ரானுக்காக ஒரு இன்சர்ட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்வார்கள். கை முழுக்க கட்டிங் ஆயில். இதெல்லாம் நடக்கும்போது "ஏன் இப்படி ஆச்சு?" என்ற கேள்வி உன்னை விடாமல் துரத்தினால், உனக்கு இந்தத் தொழில் ஒட்டும். "எப்போ மணி ஆறாகும்?" என்று தோன்றினால் ஒட்டாது. அப்படித் தோன்றுவதில் தப்பே இல்லை. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஐ.டி.யைத் தாழ்வாக நினைத்துவிடாதே. கோடு எழுதுவதில் உயிரை வைத்திருக்கிற மெக்கானிக்கல் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் உனக்கு அதில் விருப்பம் இருப்பதாக நீ ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "இரண்டு வருஷம் ஐ.டி.யில் சம்பாதித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்" என்ற யோசனை மட்டும் எனக்கு அறவே பிடிக்கவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வீடு பழகிவிடும். திரும்பி வந்தால் உன்னைவிட இளையவர்களோடு டிரெய்னியாகவே உட்கார வேண்டும். போனவர்கள் திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஐ.டி. கம்பெனிகளில் தொடக்கச் சம்பளமும் பத்து வருடத்துக்கு மேலாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியேதான் நிற்கிறது. டிரையலில் வருகிற குறையைப் பார்த்த உடனே காரணம் சொல்லத் தெரிந்த டிசைனருக்கு ஐந்து வருடத்தில் ஓசூர், ஒரகடம், புனே எங்கும் வேலை உண்டு. மேற்படிப்புக்காக கேட் (GATE) எழுதும் எண்ணம் இருந்தால் விட்டுவிடாதே. அந்த மதிப்பெண் மூன்று வருடம் செல்லும்.

"பொம்பளப் பிள்ளை ஷாப் ஃப்ளோரில் நிற்பதா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்களாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படித்து 1943-இல் தேறிய அ. லலிதாவைப் பற்றி அவர்களிடம் சொல். பதினெட்டு வயதில் விதவை, கையில் நான்கு மாதக் குழந்தை. டாக்டர் படிப்பென்றால் ராத்திரியில் கூப்பிட்டால் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும் என்று நினைத்துத்தான் இன்ஜினியரிங்கைத் தேர்ந்தெடுத்தார். பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸில் சேர்ந்து, பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலை வரைக்கும் செய்தார். சகோதரர் வீடு கல்கத்தாவில் இருந்ததும் அவர் அங்கே போனதற்கு ஒரு காரணம். ஆசை, வருமானம், பிள்ளை, தங்க இடம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் அவர் முடிவெடுத்தார். நீயும் அப்படிப் பார்ப்பதில் எந்தக் குறையும் இல்லை.

கம்பெனியில் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. உனக்குக் கற்றுக்கொடுக்கப்போகிற சீனியர் யார்? டிசைன் போட்ட மோல்டின் டிரையலுக்கு உன்னை நிற்க விடுவார்களா, அல்லது நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார வைத்துவிடுவார்களா? பெண்களுக்கு ஒழுங்கான டாய்லெட் இருக்கிறதா? ஷிஃப்ட் என்ன? பெண்கள் ஆலையில் இரவு வேலை பார்க்கக் கூடாது என்ற சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் ரத்து செய்தது. பாதுகாப்பும் போக்குவரத்தும் நிர்வாகத்தின் பொறுப்பு என்பதையும் அதோடு சேர்த்தே சொன்னது. இரவில் நிற்கச் சொன்னால் வண்டி கேள். பாண்டில் கையெழுத்துக் கேட்டால் எனக்குக் காட்டாமல் போடாதே. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எக்காரணம் கொண்டும் யாரிடமும் விட்டு வைக்காதே.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் இரண்டு வாரம் சம்பளம் இல்லாமல் அங்கே வந்து வேலை பார்க்க அனுமதி கேள். ஆர்வமுள்ள பிள்ளையை நல்ல முதலாளி வேண்டாம் என்று சொல்லமாட்டார். அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகும் உனக்குப் பிடித்திருந்தால், ஐ.டி. கம்பெனிக்கு வரவில்லை என்று மரியாதையாக ஒரு மெயில் போட்டுவிடு. பிடிக்கவில்லையென்றால் தயங்காமல் சென்னைக்குப் போ. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. இந்தக் கடிதத்தில் உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதி முதலில் அப்பாவிடம் காட்டு. ஞாயிற்றுக்கிழமை நான் கோபிக்கு வந்து அவரோடு பேசுகிறேன். அதற்குள் குறிச்சிக்குப் போன் செய்துவிடு, கண்ணு.

அன்புடன்,
மாமா