அன்னாசிக்குள் ஒளிந்த பிராசசர்

கேள்வி: புது போனை அறிவித்ததுமே, உள்ளே எந்த பிராசசர் என்று கம்பெனி சொல்வதற்கு முன்பே சிலர் அடித்துச் சொல்கிறார்களே, எப்படி? (வாசகர், ராசிபுரம்)

பதில்: பெரும்பாலான ஊகங்களுக்கு ஊற்று 'கீக்பெஞ்ச்' என்ற வேகச் சோதனை ஆப். சோதனை போனில் இதை ஓட்டினால், முடிவு அதன் தளத்தில் ஏறிவிடும். மாடல் எண், கோர்களின் எண்ணிக்கை, வேகம், 'மதர்போர்டு' என்ற வரியில் சிப்பின் சங்கேதப் பெயர் எல்லாம் அங்கே தெரியும். ஸ்னாப்டிராகன் சிப்களின் நிறுவனமான குவால்காம் வைக்கும் பெயர்கள் வேடிக்கையானவை. ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1-க்கு 'டாரோ', அதாவது சேப்பங்கிழங்கு. 8 ஜென் 3-க்கு 'பைன்ஆப்பிள்'. கொல்லிமலை அன்னாசி சந்தைக்கு வரும் நாமக்கல் பக்கத்தில் இது எளிதில் மறக்காது. சாம்சங்கின் எக்ஸினாஸ் 2400-க்கோ 'எஸ்5இ9945' என்ற உப்புச்சப்பில்லாத எண்தான்.

இந்தியாவில் இந்த ஊகம் சூடுபிடிப்பது சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசையில்தான். ஒரே போன் நாட்டுக்கு நாடு வேறு சிப்புடன் வருவதுண்டு. 2022-இல் எஸ்22 இங்கே ஸ்னாப்டிராகனுடன் வந்தது. 2023-இல் எஸ்23-யும் அப்படியே. இனி எக்ஸினாஸ் இல்லை என்றே பலரும் நம்பினார்கள். 2024 ஜனவரியில் எஸ்24, எஸ்24 பிளஸ் இரண்டும் இந்தியாவுக்கு எக்ஸினாஸோடு வந்தன. அல்ட்ராவுக்கு மட்டும் ஸ்னாப்டிராகன். கோர்களை எண்ணியிருந்தாலே வித்தியாசம் பிடிபட்டிருக்கும்: எக்ஸினாஸ் 2400-இல் 10, ஸ்னாப்டிராகனில் 8.

கீக்பெஞ்ச் பதிவைப் போலியாகவும் ஏற்ற முடியும். ஒரே ஒரு பதிவை வைத்துக் கிளம்பும் செய்தி வெறும் வதந்திதான். ஒரே மாடல் எண்ணில் பல பதிவுகள் ஒத்துப்போனால் ஓரளவு நம்பலாம். வாங்குபவர் பார்க்க வேண்டியது கம்பெனியின் இந்தியத் தளத்தில் உள்ள விவரப் பட்டியல். அமெரிக்க யூடியூபரின் விமர்சனம் வேறு சிப் உள்ள போனைப் பற்றியதாக இருக்கலாம்.